யோச்சியெனா, ஹோய்குயெனா? நிஷி-கசாயிலிருந்து ஒரு கணக்கு

டோக்கியோவின் எடோகாவா வட்டத்தில் உள்ள நிஷி-கசாயில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும், பிள்ளையை யோச்சியெனில் விடுவதா, ஹோய்குயெனில் விடுவதா என்ற பேச்சுதான். இரண்டையும் 'மழலையர் பள்ளி' என்று நாமே மொழிபெயர்த்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 1947இல் இரண்டு தனித்தனிச் சட்டங்களின் கீழ் வந்தவை இவை. யோச்சியென் பள்ளிக் கல்விச் சட்டத்தின்படி பள்ளிக்கூடம். ஹோய்குயென் குழந்தைகள் நலச் சட்டத்தின்படி நலக்கூடம். முன்னது, 'பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டதா?' என்று கேட்கும். பின்னது, 'பகலில் பிள்ளையை நீங்களே ஏன் பார்த்துக்கொள்ள முடியாது?' என்று கேட்கும்.

ஹோய்குயென் கேட்கும் அந்தக் கேள்விக்குப் பதிலாக நானும் கணவரும் அலுவலகச் சான்றிதழ் வாங்கி வட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். விண்ணப்பம் ஹோய்குயெனுக்குப் போவதில்லை. வேலை நேரத்தை வைத்து மதிப்பெண் போட்டு வட்ட அலுவலகமே இடம் ஒதுக்குகிறது. குடும்ப விசாவில் வந்திருப்பவர் அனுமதி பெற்றாலும் வாரம் 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பதால், முழுநேர வேலை பார்க்கும் தம்பதியோடு போட்டியிட்டால் வரிசையில் பின்னுக்குத்தான் போவார். எதிர்வீட்டு அக்கா தன் மகனை யோச்சியெனில் சேர்த்ததற்கு இதுதான் காரணம். கல்விமுறையை ஆராய்ந்து முடிவெடுத்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டார், நானும் மறுக்கவில்லை.

யோச்சியெனின் அடிப்படை நேரம் நாளுக்கு 4 மணி. மாலைவரை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, ஆனால் கோடை விடுமுறை நீண்டது. ஹோய்குயெனில் 11 மணி நேரம்வரை விடலாம், சனிக்கிழமையும் உண்டு. இதை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் யோச்சியென் வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று நம்பியே நடக்கிறது. அக்காவுக்கு வந்த தாளில் துணிப்பை, காலணிப்பை, டம்ளர்ப்பை ஒவ்வொன்றுக்கும் நீள அகலம் சென்டிமீட்டரில் இருந்தது. கிரேயான் ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்ட வேண்டும். ஊரில் ஊசியே தொடாதவர் இங்கே தையல் இயந்திரம் வாங்கிவிட்டார்.

ஹோய்குயென் மட்டும் சும்மா விடுமா? முதல் வாரங்கள் 'நராஷி ஹோய்கு', அதாவது பழக்கும் காலம். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மதியச் சாப்பாடுவரை, அப்புறம் தூக்கம்வரை. தினமும் காலையில் உடல் வெப்பத்தையும் இரவு என்ன சாப்பிட்டாள் என்பதையும் 'ரென்ராகுச்சோ' என்ற தொடர்பு நோட்டில் எழுதுவேன். வெப்பம் 37.5ஐத் தொட்டால் போன் வந்துவிடும். பள்ளியாண்டு தொடங்கும் ஏப்ரலில் நான் முழுநாள் வேலை பார்த்தது ஆறே நாள்.

அந்த நோட்டில்தான் ஒருநாள் ஆசிரியை மகளின் அரைஞாண் கயிற்றைப் பற்றிக் கேட்டிருந்தார். தோட்டைக் கழற்றச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை; கீழே விழுந்தால் கைக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். கயிற்றை விளக்கத்தான் மொழிபெயர்ப்புச் செயலியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். மறுநாள் ஒரு வரி பதில்: உடை மாற்றும்போது சிக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

சாப்பாட்டில்தான் எங்களுக்குத் தோல்வி. ஹோய்குயென் சமையலில் சூப், காய், பருப்பு எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி இருக்கும். பெரும்பாலும் அது கட்சுவோபுஷி என்ற உலர்மீனில் இறக்கிய சாறு. அந்த மீன் நம் மாசிக் கருவாட்டின் நெருங்கிய சொந்தம். மருத்துவர் படிவம் இருந்தால் ஒவ்வாமைப் பொருளை நீக்குகிறார்கள். சைவத்துக்கு எந்த மருத்துவர் எழுதிக்கொடுப்பார்? பேசிப் பேசி, வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர அனுமதி வாங்கினோம். வேறிடத்தில் அதுவும் கிடைக்காமல் போகலாம். அக்கா மகனின் யோச்சியெனில் பெரும்பாலான நாட்கள் வீட்டுச் சாப்பாடுதான். எலுமிச்சைச் சாதத்தை உருண்டை பிடித்துக் கடற்பாசித் தாளில் சுற்றிக் கொடுக்கிறார், பார்க்க ஜப்பானியச் சோற்றுருண்டையான ஓனிகிரிபோலவே இருக்கிறது.

செலவு பெரிய விஷயமில்லை. 2019 அக்டோபர் முதல் 3 முதல் 5 வயதுவரை ஹோய்குயென் கட்டணம் இலவசம். யோச்சியெனுக்கு மாதம் 25,700 யென்வரை அரசு ஏற்கிறது. சாப்பாடு, பஸ், சீருடை பொதுவாக நம் கையிலிருந்து.

ஆங்கிலவழி இன்டர்நேஷனல் பள்ளிகளில் மாதம் ஒரு லட்சம் யென்னைத் தாண்டுவது சாதாரணம். இரண்டு ஆண்டில் ஊர் திரும்புவோருக்கும், அப்படியே இந்தியப் பள்ளியில் முதல் வகுப்புக்குப் போகப்போகும் பிள்ளைக்கும் அது பொருந்தும். மற்றவர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்து ஜப்பானிய மொழியை இழக்கிறார்கள் என்பது என் எண்ணம். இரண்டும் கலந்த கோடோமோயென் வீட்டருகில் இருந்தால் யோசிக்காமல் முதலில் அதை எழுதலாம். எங்கள் பக்கத்தில் இல்லை.

இருவரும் வேலை பார்த்தால் ஹோய்குயென்தான், காய்ச்சல் மாதத்தைத் தாங்க முதலாளி சம்மதித்தால். ஒருவர் வீட்டில் இருந்து, ஜப்பானிய அம்மாக்களோடு பழகவும் விரும்பினால் யோச்சியென். அக்காவுக்கு நான்கு தோழிகள் இருக்கிறார்கள். எனக்கு மாமாச்சாரி சைக்கிளில் வணக்கம் சொல்லிக் கடந்துபோகும் முகங்கள்தான்.

அடுத்த ஏப்ரலுக்கு அக்காவின் இளைய மகள் தயார். பகுதிநேர வேலை ஒன்று பிடித்து, ஹோய்குயென் படிவத்தோடு வந்து சந்தேகம் கேட்டார். தையல் இயந்திரத்தைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறாயா என்றும் கேட்டார்.