ஒத்த பிளேடு நிப்பரும் தண்ணி மாதிரி பசையும்: ரெண்டு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

ஸ்கேல் மாடல், அதாவது விமானம், டாங்க் மாதிரி நிஜப் பொருளோட சின்ன பிளாஸ்டிக் மாடல், கட்ட வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயிண்ட் தெளிக்கற கருவி) வாங்கலாம்னுதான். நானும் அதையேதான் கேட்டேன், வாங்கவும் வாங்கினேன், ஆனா பெயிண்ட்டுக்கு முன்னாடி போடற ப்ரைமர் கோட் அடிச்ச உடனே அடியில இருந்த கோடு, குழி, பசை வழிஞ்ச தடம் எல்லாம் பளிச்சுனு வெளில வந்து நின்னுச்சு, அதுக்கு மேல எவ்ளோ நல்லா பெயிண்ட் அடிச்சும் பிரயோஜனம் இல்ல. என் மாடலோட தரத்தை உண்மையில மாத்தினது வெட்டற கருவியும் ஒட்டற பசையும்தான், அதனால இந்த ரிவ்யூல பாதிக்கு மேல அது ரெண்டும்தான் இருக்கும்.

முதல்ல நிப்பர், அதாவது பார்ட்டை வெட்டி எடுக்கற சின்னக் கட்டர். நான் யூஸ் பண்றது காட்ஹேண்ட் எஸ்பிஎன்-120, அல்டிமேட் நிப்பர்னு சொல்வாங்க, ஜப்பான்ல நீகாட்டா பக்கம் செய்றது. சாதாரண நிப்பர்ல ரெண்டு பக்கமும் பிளேடு இருக்கும், ரெண்டும் சேர்ந்து பிளாஸ்டிக்கை நசுக்கித்தான் வெட்டும், கடைசியில 'டப்'னு ஒரு சத்தத்தோட உடையும். அந்த நசுங்கல்தான் கலர் பிளாஸ்டிக்ல வெள்ளையா ஒரு தழும்பு மாதிரி நிக்குது. ஒத்த பிளேடு நிப்பர்ல ஒரு பக்கம்தான் கூர், இன்னொரு பக்கம் தட்டையா பிளாஸ்டிக்கைத் தாங்கிப் பிடிச்சுக்கும், அதனால கத்தி ஒரே பக்கத்துலேர்ந்து வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குது, சத்தமே வராது. முதல் தடவை வெட்டினப்போ வெட்டுப்பட்டுச்சா இல்லையான்னு சந்தேகப்பட்டு கையில எடுத்துப் பார்த்தேன்.

ஆனா இதை வாங்கிட்டு ஒரே வெட்டுல பார்ட் ஓரமா வெட்டினீங்கன்னா பாதிப் பலன்தான். ரெண்டு வெட்டா வெட்டணும். முதல் வெட்டு ஸ்ப்ரூ (பார்ட்டெல்லாம் ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) பக்கமா, கேட்டுல (பார்ட்டை ஸ்ப்ரூவோட சேர்க்கற சின்னக் காம்பு) ரெண்டு மூணு மில்லிமீட்டர் பார்ட்லயே விட்டுட்டு, இதுக்கு பழைய சாதாரண நிப்பரே போதும், சொல்லப்போனா அதைத்தான் யூஸ் பண்ணணும். அப்புறம் பார்ட் தனியா கையில வந்ததும், இழுவிசை எதுவும் இல்லாம, மிச்ச கேட்டை ஒத்த பிளேடால மெதுவா எடுக்கணும். அப்பவும் ஒரு மயிரிழை அளவு விட்டுட்டு அதை சாண்ட் பண்ணி எடுக்கறதுதான் என் வழக்கம், ஏன்னா பார்ட்டுக்குள்ள வெட்டு இறங்கி ஒரு குழி விழுந்துச்சுன்னா அதுக்கு புட்டி போட்டு, காய வெச்சு, தேச்சுனு ஒரு நாளே போயிடும்.

குறைன்னு சொன்னா, பிளேடு ரொம்ப மெல்லிசு. கண்ணாடி பார்ட் வெட்டக்கூடாது, அந்த பிளாஸ்டிக் கெட்டி, அதோட நொறுங்கற குணமும் இருக்கு. மெட்டல் பக்கமே கொண்டு போகக்கூடாது, தடிமனான ஸ்ப்ரூவும் வேண்டாம், வெட்டும்போது கையைத் திருகவே கூடாது. நான் முதல்ல வெச்சிருந்த ஒத்த பிளேடு நிப்பரை ஒரு விமானத்தோட கேனபியை, அதாவது பைலட் மேல மூடற கண்ணாடியை, வெட்டப் போய் நுனி உடைச்சுட்டேன். ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அதுலேர்ந்து மேஜைல எப்பவும் ரெண்டு நிப்பர், ஒண்ணு முரட்டு வேலைக்கு, ஒண்ணு கடைசி வெட்டுக்கு. வேலை முடிஞ்சதும் துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடி போட்டு வெச்சுடறேன்.

எல்லாருக்கும் இது தேவையான்னா, இல்ல. பெயிண்டே அடிக்காம கன்ப்ளா (ஜப்பான் கண்டம் ரோபோ கிட்) கட்டறவங்களுக்கு கண்டிப்பா வாங்குங்கன்னு சொல்வேன், அங்க வெள்ளைத் தழும்பை மறைக்க வேற வழி கிடையாது. 1/35 (நிஜத்துல 35ல ஒரு பங்கு அளவு) டாங்க் கட்டி, முழுசா ப்ரைமர், பெயிண்ட், அழுக்கு எஃபெக்ட் எல்லாம் போடறவங்களுக்கு டமியாவோட கூர்முனை சைட் கட்டர் மாதிரி ஒண்ணும் ஒரு நல்ல கத்தியும் தாராளமா போதும்.

அடுத்தது பசை. டமியா எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட், பச்சை மூடி, 40 மில்லி பாட்டில், மூடியிலயே பிரஷ். ட்யூப்ல வர்ற கெட்டிப் பசையில பழகினவங்களுக்கு இது முதல்ல குழப்பும், ஏன்னா போடற முறையே தலைகீழ். பார்ட்ல தடவிட்டு ஒட்டக்கூடாது, ரெண்டு பார்ட்டையும் முதல்ல சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு, இடுக்குல பிரஷ் நுனியை லேசா ஒரு தொடு தொட்டாப் போதும், அதுவா உறிஞ்சிக்கிட்டு இடுக்கு நெடுக ஓடிடும். இது நெஜத்துல பசையே இல்ல, பாலிஸ்டைரீனை உருக்கற கரைப்பான், ரெண்டு பக்க பிளாஸ்டிக்கும் உருகி ஒண்ணோட ஒண்ணு கலந்து, கரைப்பான் ஆவியாப் போனதும் ஒரே துண்டா ஆயிடுது. அதனாலதான் பெயிண்ட் அடிச்ச இடத்துல ஒட்டாது, ஒட்டற இடத்துல பெயிண்டைச் சுரண்டிட்டுத்தான் போடணும்.

இதுல நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு. பசை ஓடினதும் ஒரு அரை நிமிஷம் விட்டு ரெண்டு பார்ட்டையும் மெதுவா அழுத்தினா, உருகின பிளாஸ்டிக் இடுக்குலேர்ந்து சின்ன வரப்பு மாதிரி பிதுங்கி வரும். பதறிப் போய் அதைத் துடைக்காதீங்க, அதுதான் உங்களுக்கு புட்டி. ஒரு நாள் முழுசா விட்டுட்டு தேச்சா சீம் லைன் (ரெண்டு பாதியும் சேர்ற கோடு) இருந்த சுவடே இருக்காது. நான் ஆரம்பத்துல ஒரு மணி நேரத்துலயே தேய்ப்பேன், அப்ப பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஒரு வாரம் கழிச்சு பெயிண்ட்டுக்கு அடியில கோடு மாதிரி உள்வாங்கிடும், உள்ள இன்னும் காயாத பிளாஸ்டிக் சுருங்கினதுதான் காரணம்.

இன்னொரு ஆபத்து விரல். இடுக்கு மேல விரல் இருந்தா பசை விரலுக்கு அடியிலயும் ஓடி ரேகையை அப்படியே பிளாஸ்டிக்ல அச்சு எடுத்துடும். அப்படி ஆச்சுன்னா தொடாம விட்டு நல்லா காய்ஞ்சப்புறம் சாண்ட் பண்ணுங்க, ஈரத்துல துடைச்சா இன்னும் பெருசாயிடும். கேனபி, ஜன்னல் மாதிரி கண்ணாடி பார்ட்டுக்கு இந்தப் பசையும் வேண்டாம், சூப்பர் க்ளூ சுத்தமா வேண்டாம், அதோட ஆவி கண்ணாடில பனி மாதிரி வெள்ளையா படிஞ்சிடும். பேப்பர் ஒட்டற வெள்ளைப் பசை போதும், வழிஞ்சாலும் ஈரத்துணியால துடைச்சுக்கலாம்.

தேய்க்கற விஷயத்துல நிறைய வாங்க வேண்டியதில்ல. சாண்ட்பேப்பர் நம்பர் 400ல ஆரம்பிச்சு 600, 800 வரைக்கும் போனா ப்ரைமர் மிச்சக் கீறலை மூடிடும், 1500, 2000 எல்லாம் கண்ணாடி பார்ட்டுக்கும் கார் மாடல் பளபளப்புக்கும்தான். நேர் பரப்புக்கு கெட்டியான ஸ்டிக், வளைவுக்கு ஸ்பான்ஜ், இதை மாத்தி யூஸ் பண்ணா உருண்டையா இருக்க வேண்டிய இடம் தட்டையாயிடும். கண்ணாடி ஃபைல் ஒண்ணு வாங்கினேன், தட்டையான பார்ட்ல கேட் தடத்தை எடுக்க அருமையா இருக்கு, அடைச்சுக்கிட்டா கழுவினா போதும், ஆனா வளைவுப் பக்கம் அதை எடுக்கறதே இல்ல. தண்ணி தொட்டுத் தேச்சா தூசி மூக்குக்கு வராது, பேப்பரும் சீக்கிரம் அடைக்காது.

கத்தியில பிளேடை அடிக்கடி மாத்துங்க, மழுங்கின பிளேடுதான் விரலை வெட்டும், ஏன்னா வெட்டாத பிளேடை கை அழுத்த ஆரம்பிச்சுடும், அழுத்தினா வழுக்கும். அச்சுல வார்க்கும்போது பார்ட்ல விழற மோல்டு கோடுகளை எடுக்க நான் கத்தியோட முதுகுப் பக்கத்தால சுரண்டறேன், பிளாஸ்டிக்கை உள்ள வெட்டாம கோட்டை மட்டும் எடுக்குது.

பொடி பார்ட் வெட்டும்போது கையையும் நிப்பரையும் ஒரு பெரிய ப்ளாஸ்டிக் பைக்குள்ள விட்டு வெட்டுங்க. இல்லன்னா ஒரு 1/72 ஆன்டெனா பறந்து போய் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு தரை முழுக்கத் தேடணும். அந்த ஸ்டெப்புக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்க, பார்ட் நம்பர் ஸ்ப்ரூலதான் இருக்கு, பார்ட்ல இல்ல. ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை சும்மா பொருத்திப் பாருங்க, என் கையில வந்த கிட்ல பாதிக்கு மேல எங்கயாவது ஒரு முள் பெருசா இருந்து இறக்கையும் உடம்பும் சேராம நின்னிருக்கு, பசை போட்டப்புறம் அது தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.

டெக்காலுக்கு (தண்ணில ஊற வெச்சு ஒட்டற மெல்லிசான ஸ்டிக்கர்) மைக்ரோ செட், மைக்ரோ சோல்னு ரெண்டு திரவமும் வெச்சிருக்கேன், நீல லேபிள் போட்ட செட் டெக்கால் ஒட்டறதுக்கு முன்னாடி, சிவப்பு லேபிள் போட்ட சோல் ஒட்டினப்புறம். சோல் போட்டதும் டெக்கால் சுருங்கி அசிங்கமா ஆகும், அப்ப தொட்டீங்கன்னா கிழிஞ்சுடும், தன்னால படிஞ்சு பேனல் கோட்டுக்குள்ள இறங்கும். ஆனா எந்த திரவமும் மேட் (பளபளப்பில்லாத) பரப்பைச் சரி பண்ணாது, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்புல காத்து மாட்டிக்கிட்டு டெக்காலுக்கு அடியில வெள்ளி மாதிரி மின்னும், அதனால முதல்ல பளபளப்பான க்ளாஸ் கோட்.

ஏர்பிரஷ்ல சொல்ல அதிகம் இல்ல, 0.3 மி.மீ. நாசில், பெயிண்ட்டைப் பால் பதத்துக்குக் கரைச்சு, 15லேர்ந்து 20 பி.எஸ்.ஐ. காத்தழுத்தம், மெல்லிசா பல கோட், அவ்ளோதான். ஆனா லாக்கர் பெயிண்ட் அடிக்கறவங்க ஆவியைத் தடுக்கற கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் போடுங்க, தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஜன்னல் திறந்திருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க, இதுல நான் ரொம்பக் கண்டிப்பு.

இப்ப மேஜைல 1/48ல ஒரு விமானம், உடம்போட ரெண்டு பாதியும் இன்னிக்கு காலையில ஒட்டினது, முதுகு நெடுக உருகின பிளாஸ்டிக் சின்ன வரப்பா நிக்குது. தேய்க்கணும்னு கை அரிக்குது. டப்பாக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கேன், நாளைக்கு சாயங்காலம்தான் திறப்பேன்.