டெல்டா நகரங்களில் வீடற்றோர் காப்பகம்: சேவை எப்படி?

பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவரைப் பார்த்ததும் பலர் வாயில் வருவது, "கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிட்டா என்ன?" என்ற கேள்விதான். காப்பகத்தின் கேட் இரவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். அதனால் கட்டிலைப் பற்றிக் கொஞ்சமாகவும் கேட்டைப் பற்றியும் சான்றிதழ்களைப் பற்றியும் கூடுதலாகவும் இங்கே எழுதுகிறோம்.

மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற திட்டம் 2013இல் வகுத்த அளவு இது: 1 லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்க இடம், ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூருக்கு 2.22 லட்சம் பேர், கும்பகோணத்துக்கு 1.40 லட்சம். அதாவது தஞ்சைக்கு 200 படுக்கைக்கு மேல், குடந்தைக்கு 140 வேண்டும். உங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன என்பதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படுக்கை வசதி பொதுவாகப் பரவாயில்லை. மூட்டைப்பூச்சிதான் பெரிய தொல்லை. பஞ்சு மெத்தையில் அது தையல் ஓரத்தில் தங்கிவிடும். ரெக்சின் உறை போட்ட மெத்தையோ வெறும் பாயோ மேல். வாரம் ஒருமுறை கட்டிலை வெயிலில் போட்டு, மூட்டுகளில் கொதிநீர் ஊற்றினால் கட்டுக்குள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காப்பகம் நிரம்பும், சித்திரையில் காலியாகும். கோடையில் வந்து பார்த்துவிட்டு "ஆளே வர்றதில்ல" என்று எழுதும் ஆய்வு அறிக்கை தவறான அறிக்கை.

இப்போது கேட். இந்த நகரங்களில் வீடில்லாதவருக்கு எளிதில் கிடைப்பவை கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, ஹோட்டலில் மேசை துடைப்பது, மார்க்கெட்டில் மூட்டை இறக்குவது, கட்டடத்தில் சித்தாள் வேலை. முகூர்த்த நாளில் சமையல் அடுப்பு பின்னிரவு 2, 3 மணிக்கே எரியத் தொடங்கும். ஹோட்டல் சாத்த இரவு 11 தாண்டும். காய்கறி லாரிகள் நள்ளிரவுக்குப் பிறகு வரும். 9 மணிக்கே பூட்டு விழும் காப்பகத்தில் இருந்துகொண்டு இவற்றில் எதற்குப் போக முடியும்? இரண்டு இரவு வெளியே நின்றவர் மூன்றாம் இரவு பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிவிடுவார்.

பூட்டுவது காப்பாளரின் கல்மனதால் அல்ல. 50 பேர் தங்கும் இல்லத்துக்கு அதே 2013 திட்டத்தில் வகுத்த பராமரிப்புத் தொகை ஆண்டுக்கு 6 லட்சம், மாதம் 50,000. மூன்று ஷிப்டுக்கு மூன்று காப்பாளர் சம்பளம், மின்கட்டணம், துப்புரவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பணம் தாமதமானால் முதலில் போவது இரவு ஷிப்ட் ஆள். இருக்கும் ஒருவர் தூங்கித்தான் ஆக வேண்டும். நாங்கள் ஒரு காப்பகத்தை மதிப்பிடுவது இரவு ஷிப்டுக்குத் தனி ஆள் உண்டா என்பதை வைத்துத்தான். பூட்டுப் பெட்டி அடுத்தது. கொத்துக்கரண்டியும் ஆதாரும் வைக்க இடமில்லை என்றால் வேலைக்காரர் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு வெளியிலேயே படுப்பார்.

வயலுக்குத் திரும்பலாமே என்பார்கள். கதிர் அறுக்கும் மெஷின் ஒரு ஏக்கரைச் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது. நடவுக்கும் மெஷின் வந்துவிட்டது. அரசின் ஊரக வேலைத் திட்டம் ஊராட்சியில் குடியிருப்பவருக்குத்தான். நகரத்துக்கு வந்து படுத்தவருக்கு அதுவும் இல்லை.

சான்றிதழ் வாங்கித் தருவதில் நல்ல காப்பகம் பெரிய உதவி. ஆதார் முகவரிக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் தலைவர் ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவத்தில் கையெழுத்திடலாம். படிவம் 3 மாதம் செல்லும். கையெழுத்தும் முத்திரையும் புகைப்படத்தின் மேலும் படிந்திருக்க வேண்டும். இது விடுபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செல்போன் எண் இல்லாதவருக்குக் காப்பாளரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். காப்பாளர் வேலையை விட்டுப் போனதும் ஓடிபி வர வழியில்லாமல், இ-ஷ்ரம் எனும் அமைப்புசாராத் தொழிலாளர் தளத்தில் செல்போன் வழியாகப் பதிவதும் நின்றுபோகும். ஆவணமே இல்லாதவர் வங்கியில் "சிறு கணக்கு" தொடங்கலாம்: புகைப்படமும், அதிகாரி முன் கைநாட்டும் போதும். இருப்பு 50,000 வரை, மாதம் 10,000 வரை எடுக்கலாம், 12 மாதத்துக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்ட வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கு முகவரிச் சான்றே வேண்டாம். படிவம் 6இல் படுக்கும் இடத்தை எழுதினால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்ப்பார். ஒரே இரவோடு விடாமல் பல இரவு வருவது விதி. அலுவலர் பகலில் வந்து "ஆள் இல்லை" என எழுதிப்போவதுதான் வழக்கமாக நேரும் கோளாறு.

சான்றிதழ் கையில் இருந்தும் வேலை கிடைக்காமல் போவது நம் மனசால். "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ளும் முதலாளி, "காப்பகம்" என்றதும் திருடுவான், குடிப்பான் என முடிவு கட்டுகிறார். காப்பாளர் மேஸ்திரிகளின் எண்களைக் குறித்து வைத்து, முதல் நாள் தானே பேசி அனுப்பும் இடங்களில் இது குறைகிறது. கூலியை அன்றன்றே கொடுக்கச் சொல்வதும் அவர் பொறுப்பு. "வாரக் கடைசியில் தர்றேன்" என்பவரிடம் காசு மாட்டிக்கொண்டால் கேட்க வீடில்லாதவருக்கு ஆள் கிடையாது.

திருவிழாவுக்கு முன் தெருவில் இருப்பவர்களை வேனில் அள்ளிக்கொண்டு வந்து காப்பகத்தில் இறக்குவதை மீட்பு என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது. தெருவில் பிச்சை எடுப்பதைத் தடுக்கக் கோரிய வழக்கில், வேலையும் கல்வியும் இல்லாமைதான் இதற்குக் காரணம் என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லி, தடை விதிக்க மறுத்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சை தடைச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது.

ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க: முதலில் அவரிடம் கேளுங்கள், விருப்பமில்லாதவரை இழுத்துப் போகாதீர்கள். ஆதார் இல்லை என்று காப்பகம் தட்டிக்கழித்தால் மாநகராட்சியில் எழுத்தாகப் புகார் கொடுங்கள். கணவன் மனைவியாக இருந்தால் குடும்பத்துக்கு இடம் உண்டா என முன்பே விசாரியுங்கள். ஆண், பெண் தனித்தனி இல்லங்களில் பிரிக்கப்பட்டவர்கள் மறுநாளே வெளியேறிவிடுவார்கள். மனநலம் குன்றித் திரிபவரென்றால் காப்பகத்துக்கு முன் காவல் நிலையம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100இன்படி, அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல்துறையின் கடமை. பிரிவு எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.