குளிர்காலப் புகை: தடையா, மூட்டும் முறையா, மாற்று அடுப்பா?

ஜூன் பிறந்துவிட்டால், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டி இந்திய வம்சாவளியினர் நிறைந்த லெனேசியாவில் பொழுது சாய்வதற்குள் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிட வேண்டும். மறந்தால் மறுநாள் சட்டையெல்லாம் நிலக்கரி வாடை. ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நின்றுகொள்வதால், புகை கூரை உயரத்திலேயே தங்கிவிடுகிறது. இதைப் போக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது வழி, சட்டம் போட்டுத் தடுப்பது. புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்களை அறிவிக்க 1965ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுத்தது. மின்சாரம் இருந்த வெள்ளையர் பகுதிகளில் அது பலித்தது. கறுப்பினத்தவரின் குடியிருப்புகளை எட்டிப் பார்க்கவில்லை. அதன் இடத்துக்கு 2004ஆம் ஆண்டின் காற்றுத் தரச் சட்டம் வந்தது. இன்றைய விதிப்படி, பி.எம். 2.5 என்னும் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 2030 முதல் அது 25. உலக சுகாதார நிறுவனம் 15 போதும் என்கிறது. அளவு மீறினால் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது? ஆலைக்கு முகவரி உண்டு. தகர வீட்டுக்காரர் அபராதம் கட்டினாலும் ராத்திரி குளிருக்கு அடுப்பை மூட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வழிக்குக் காசே வேண்டாம். 'பாசா ஞ்செங்கோ மகோகோ' (பாட்டியைப் போல மூட்டு) என்று அரசு பரப்பிய முறை அது. வழக்கமாகக் காகிதமும் விறகும் அடியில், நிலக்கரி மேலே. இதில் தலைகீழ்: நிலக்கரியை அடியில் கொட்டி, அதன்மேல் காகிதத்தையும் விறகையும் அடுக்கி, மேலிருந்து பற்ற வைக்க வேண்டும். கீழே கிளம்பும் புகை மேலே உள்ள தீயைக் கடந்துதான் வெளியேற முடியும் என்பதால் பெரும்பகுதி அங்கேயே எரிந்துபோகிறது. சீக்கிரம் கனியும், நிலக்கரியும் மிச்சம். ஆனால் கங்கு கக்கும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது. புகை அடங்கிவிட்டதே என்று இம்பாவுலாவை, அதாவது ஓட்டை போட்ட தகர டின் அடுப்பை, வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனால் உயிருக்கே ஆபத்து. முழுக்க விறகும் குப்பையும் எரிப்பவர்களுக்கு இந்த முறையால் பெரிய பலனும் இல்லை.

மூன்றாவது, அடுப்பையே மாற்றிக் கொடுப்பது. ம்புமலங்கா மாகாணத்தின் க்வாசமோகுஹ்லே குடியிருப்பில் அரசு மின்சார நிறுவனமான எஸ்காம் இதைச் செய்து பார்த்தது: நிலக்கரி அடுப்பை வாங்கிக்கொண்டு எரிவாயு அடுப்பு கொடுத்தார்கள், வீட்டுக்கு உட்கூரையும் போட்டார்கள். தன் மின்நிலையப் புகைபோக்கிகளை மாசு வரம்புக்குள் கொண்டுவர அவகாசம் வாங்கிய நிறுவனம் ஏழை வீட்டு அடுப்பைத் திருத்தக் கிளம்பியது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த உட்கூரை இருக்கிறதே, அதில்தான் விஷயமே இருக்கிறது. ஏழைகளுக்கான இலவச மின்சாரம் மாதம் 50 யூனிட். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று அதை 25 மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. வெறும் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடும் நிற்காது. சமைப்பதற்கு எரிவாயு கிடைத்தாலும், உட்கூரை இல்லாவிட்டால் குளிருக்காக மறுபடியும் நிலக்கரிதான்.

என் ஓட்டு மூன்றாவதற்கு, அதிலும் உட்கூரைக்கு முதலில். செலவு பிடிக்கும், அது வந்து சேரும்வரை மேலிருந்து மூட்டட்டும். தடையை மின்சாரமும் ஹீட்டரும் இருந்தும் அழகுக்காக வரவேற்பறையில் கணப்பு எரிக்கும் வீடுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த வீடுகளில் இங்குள்ள நம் தமிழர்களுடையதும் உண்டு. "அப்படியானால் ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் விறகையும் அணைக்கச் சொல்வீர்களா?" என்று அவர்கள் கேட்பார்கள். வெயில் ஏறிய பிறகு காய்ச்சினால் தரைக்காற்று சூடேறி மேலே எழும்பும், புகையும் கலைந்துவிடும். அதை அணைக்க வேண்டியதில்லை. விதி எழுதுகிறவர்கள் மே முதல் ஆகஸ்டு வரை, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை என்று நேரத்தைக் குறித்து எழுதினாலே போதும்.