லைம் நோய்க்கு டாக்சிசைக்ளினா, அமாக்சிசிலினா? உடன் வரும் தொற்றுகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு, உண்ணிக்கடியால் பரவும் பாக்டீரியாத் தொற்றான லைம் நோய் புதிதல்ல; 1975இல் லைம், ஓல்ட் லைம் ஆகிய ஊர்களில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூட்டு வீங்கியதை ஆராயப் போய்த்தான் நோய்க்கு அந்தப் பெயரே வந்தது. சென்ற ஜூன் மாதம் தோட்டத்தில் களை பிடுங்கிய மறுநாள், என் முழங்காலின் பின்மடிப்பில் கசகசா அளவே இருந்த ஓர் உண்ணியைச் சாமணத்தால் பிடுங்கி எறிந்தேன். ஒன்பதாம் நாள் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் தடிப்பும், அதன் மறுநாள் குளிர்காய்ச்சலும் வந்தன. எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்பதால் மருத்துவர் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் பக்கம் சாய்ந்தார். நான் இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியான டாக்சிசைக்ளினைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

லைம் நோயை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தடிப்பு நிலையில் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருவேளையாகப் பத்து நாள், அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் மூவேளையாகப் பதினான்கு நாள் என்பதே 2020இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல். சாப்பிடுவதற்கு அமாக்சிசிலின்தான் எளிது, பென்சிலின் ஒவ்வாமை இல்லாத வரை.

என் முடிவைத் தீர்மானித்தது லைம் கிருமி அன்று. அதே உண்ணி கூடவே கொண்டுவந்திருக்கக்கூடிய அனாபிளாஸ்மா. இது வெள்ளணுக்களுக்குள் புகுந்து வாழும் பாக்டீரியா. அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்லும் மருந்து. அனாபிளாஸ்மாவிடம் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. டாக்சிசைக்ளினோ செல்லுக்குள் நுழைந்து, கிருமியின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது. ஆகவே ஒரே மாத்திரை இரண்டு கிருமிகளுக்கும் போதும். வெறும் தடிப்பு மட்டும் இருந்திருந்தால் நானும் இவ்வளவு பிடிவாதம் பிடித்திருக்க மாட்டேன். உடலை உலுக்கிய குளிரும், ரத்தப் பரிசோதனையில் 1,12,000க்கு இறங்கியிருந்த தட்டணுக்களும், சற்றே ஏறியிருந்த கல்லீரல் நொதிகளும்தான் என்னைச் சந்தேகிக்க வைத்தன. ஐந்தாம் நாள் வந்த, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையின் முடிவு அனாபிளாஸ்மாவை உறுதிசெய்தது. ஆனால் காய்ச்சல் இரண்டாம் இரவே இறங்கிவிட்டிருந்தது. முடிவு வரட்டும் என்று அமாக்சிசிலினோடு காத்திருந்தால் அந்த நாட்கள் வீணாகியிருக்கும்.

டாக்சிசைக்ளினின் தொல்லைகளை மறைக்க வேண்டியதில்லை. பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது என்பதால், காலைக் காபியைத் தள்ளிவைத்தேன். இரவுத் தயிர்ச்சோற்றை மதியத்துக்கு மாற்றினேன். (காபிதான் கடினமாக இருந்தது.) ஒரு நாள் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு உடனே படுத்ததில், நெஞ்சுக்குழியில் கனல் வைத்ததுபோல் எரிந்தது, அதன்பின் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரும் அரைமணி நேரம் நிமிர்ந்திருப்பதும் வழக்கமாயின. வெயிலில் அரைமணி நின்றதற்கே புறங்கை சிவந்துவிட்டது.

இரண்டு மருந்துகளும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: பேபீசியா. அது மலேரியாவைப் போலச் சிவப்பணுக்களைத் தாக்கும் ஒட்டுண்ணி. அதற்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து ஏழு முதல் பத்து நாள் தர வேண்டும். மருந்து தொடங்கி 48 மணி நேரம் கடந்தும் கடுங்காய்ச்சல் விடாவிட்டால், அல்லது ரத்தசோகை தென்பட்டால், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்ல வேண்டும். மண்ணீரல் நீக்கப்பட்டவர்கள் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. எனக்கு அந்தச் சோதனையில் எதுவும் இல்லை என்று வந்ததால், முன்னெச்சரிக்கையாக அந்த மருந்துகளையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இது ஓர் உடம்பின் அனுபவம்தான். கர்ப்பிணிகளுக்கு லைம் நோய் மட்டும் இருக்கும்போது அமாக்சிசிலினையே தருகிறார்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, குறுகிய கால டாக்சிசைக்ளின் பற்களைக் கறையாக்கும் என்ற பழைய அச்சம் இப்போது தளர்ந்துவிட்டாலும், என் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கும் நிலை வந்ததில்லை என்பதால், அவர்கள் விஷயத்தில் நான் சாய்ந்த பக்கத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.