பழைய ஐ5-2500கே: பெருக்கியை உயர்த்துவதா, அடிப்படைக் கடிகாரத்தையா?

பிராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்தைவிட வேகமாக ஓட்ட (ஓவர்கிளாக்கிங்) இரண்டு வழிகள் உண்டு. 2011-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2500கே பிராசஸரின் 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகம், கணினியின் பாகங்களுக்குத் தாளம் தரும் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தை 33 என்ற பெருக்கியால் பெருக்கக் கிடைப்பது. பி67 அல்லது இசட்68 வகை மதர்போர்டின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) பெருக்கியை ஒவ்வொன்றாகக் கூட்டினால், பிராசஸர் மட்டுமே வேகமெடுக்கும். கணினி தடுமாறினால் ஒரு படி இறங்கிவிடலாம்.

அடிப்படைக் கடிகாரத்தைத் தொட்டாலோ ரேம், பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றின் இணைப்பு), சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) எல்லாமே சேர்ந்து நகர்வதால், சில மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலே ஹார்ட் டிஸ்கில் எழுதப்படும் கோப்புகள் சிதையக்கூடும். குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் கணினியில் இவ்வழியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

டிடிஆர்3 ரேமின் வேகத்தை 1333-இலிருந்து 1600-க்கு உயர்த்துவதை, பிராசஸர் நிலைபெற்ற பிறகு தனியே செய்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒரு பிழைகூட வராவிட்டால் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும், காய்ந்து சுண்ணாம்பாய் உதிரும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவாமல் எதையும் தொடங்கக் கூடாது.