வயிறு நீவும் மாயா வைத்தியம்: எந்தக் குறைக்கு எது மேல்?

மெக்சிகோவின் யுகாதான் தீபகற்பத்திலும் பெலீஸ், குவாத்தமாலா நாடுகளிலும் வாழும் மாயா மக்களிடையே, வயிற்றை நீவிச் சரிசெய்யும் ‘சோபாடா’ என்னும் கைவைத்தியம் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகிறது. இன்று அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் ‘மாயா வயிற்றுச் சிகிச்சை’ என்று கட்டணத்துக்குக் கிடைப்பது அதன் வழிவந்ததே. மலச்சிக்கல், மாதவிடாய் வலி, கருப்பை இறக்கம், குழந்தையின்மை ஆகிய அனைத்துக்கும் ஏற்றது என்று இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு குறைக்கும் இதனோடு போட்டியிடும் வேறு வழிகள் இருப்பதால், மொத்தமாக நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதுவதில் பொருளில்லை. செரிமானக் குறையில் இது ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. கருத்தரிப்பு விஷயத்தில் விளம்பரத்தின் பாதித் தூரத்தைக்கூட எட்டவில்லை.

முதலில், மாயா முறை என்பதே இரண்டு வகை. கிராமத்து மருத்துவச்சி செய்வது ஒன்று. கர்ப்பிணியைப் படுக்கவைத்து, தொப்புளைச் சுற்றி விரல்களை அழுத்தி, அங்கே துடிக்கும் இடத்தைத் தேடுகிறார். ‘திப்தே’ எனப்படும் அந்தத் துடிப்புதான் உடலின் நடுமையம் என்பதும், அது இடம் பெயர்ந்தால் பசியின்மையும் வயிற்று வலியும் சோர்வும் வரும் என்பதும் அவர்களின் நம்பிக்கை. குழந்தைக்குக் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தேய்த்து நீவிவிடும் நம் ஊர்ப் பாட்டிமாருக்கு இந்தக் கருத்து அந்நியமாகத் தோன்றாது.

மற்றொன்று ரோசிதா அர்விகோ வகுத்தது. சிகாகோவிலிருந்து பெலீஸில் குடியேறிய அவர், கயோ மாவட்டத்தின் சான் அந்தோனியோ ஊரைச் சேர்ந்த தோன் எலிஹியோ பான்டி என்ற முதிய மாயா வைத்தியரிடம் 1980களில் சீடராக இருந்தார். பான்டி 1996ஆம் ஆண்டு நூறு வயதைக் கடந்து காலமானார். அவரிடமும் பெலீஸ் மருத்துவச்சிகளிடமும் கற்றதோடு தாம் ஏற்கெனவே பயின்ற கைச்சிகிச்சையையும் சேர்த்து அர்விகோ ஒரு பாடத்திட்டம் அமைத்தார். பூப்பு எலும்புக்கு மேலிருந்து தொப்புளை நோக்கி நீவுவது, மேல்வயிற்றை விலா எலும்புகளின் அடிவரை தளர்த்துவது, பின்னிடுப்பைப் பிடித்துவிடுவது, இறுதியில் அன்றாடம் தானே செய்துகொள்ள நோயாளிக்குக் கற்றுத்தருவது என்பது அதன் ஒழுங்கு. இந்தக் கடைசி அம்சமே அம்முறையின் பெரிய பலம் என்பேன். ஒருமுறை கற்றுக்கொண்ட பிறகு செலவில்லை.

மலச்சிக்கலில் இதற்கு எதிரே நிற்பது மருத்துவமனைகளின் வயிற்றுத் தடவல். அது பெருங்குடலின் பாதையை அப்படியே பின்பற்றுகிறது: வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, விலா எலும்புகளுக்குக் கீழே குறுக்காகச் சென்று, இடப்பக்கம் இறங்குகிறது. எந்தப் பூடகமும் இல்லாத இந்த எளிய முறையைத்தான் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மலச்சிக்கல் உள்ள 60 பேரைக் கொண்டு சுவீடனில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு 15 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் என்று 8 வாரம் செய்தவர்களுக்கு மலங்கழிப்பு கூடியது, வயிற்று உபாதை குறைந்தது. ஆயினும் அவர்கள் எடுத்துவந்த மலமிளக்கியின் அளவு குறையவில்லை. தண்டுவட மரப்பு நோயால் குடல் இயக்கம் மந்தமானவர்களிடம் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையோ, முதன்மை அளவுகோலில் தெளிவான பலனைக் காட்டவில்லை. ஆக, மருந்துக்குத் துணையாக இது நிற்கும், மருந்தின் இடத்தைப் பிடிக்காது. மாயா முறைக்கென்று இத்தகைய சோதனையே இல்லாததால், மருத்துவமனை முறையின் நற்பெயரில் அது குளிர்காய்கிறது என்று சொல்வது கடுமையாக இருந்தாலும் உண்மை. இரண்டும் தொடுவது ஒரே குடலைத்தான் என்பதால், வெறும் மலச்சிக்கலுக்கு எதைக் கையாண்டாலும் பெரிய வேறுபாடு இருக்காது. கட்டணம் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

கருப்பை விஷயத்துக்கு வருவோம். கருப்பை சாய்ந்தோ இறங்கியோ இருப்பதே பெண்களின் பாதி நோய்களுக்கு வேர் என்பதும், கையால் அதை இருப்பிடத்துக்கு உயர்த்தலாம் என்பதும் மாயா முறையின் ஆதாரக் கருத்து. பின்னோக்கிச் சாய்ந்த கருப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. அதனால் மட்டும் கருத்தரிப்பு தடைப்படுவதில்லை. இல்லாத குறைக்குச் சிகிச்சை பெற்று, பிறகு குணமானதாக நம்புவது இங்கே எளிதில் நடந்துவிடும். கருப்பை இறக்கம் உண்மையான நோய்தான். ஆனால் கருப்பையைத் தாங்குவன அடியிலுள்ள இடுப்புத்தளத் தசைகளும் தசைநார்களும் ஆகையால், வயிற்றின் மேலிருந்து நீவுவது அவற்றை வலுப்படுத்தாது. அதற்கு நேர்ப் போட்டியாளரான இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 447 பெண்களிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு ஓராண்டின் முடிவில் தொந்தரவுகள் குறைந்திருந்தன. இந்த ஒரு குறையில் எனக்குத் தயக்கமே இல்லை: பயிற்சியே மேல். அது போதாதபோது, உள்ளே பொருத்தும் தாங்கு வளையமும் அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றன.

குழந்தையின்மைக்கு மாயா முறையோடு ஒரே சந்தையில் நிற்பது, அமெரிக்காவின் புளோரிடாவில் வர்ன் தம்பதியர் உருவாக்கிய இயன்முறைச் சிகிச்சை. உறுப்புகளுக்கு இடையே உருவான ஒட்டுகளைக் கையால் தளர்த்தி, அடைபட்ட கருக்குழாயைத் திறப்பதாக அது கூறுகிறது. மாயா முறையைவிட அது ஒரு படி முன்னே இருப்பதற்குக் காரணம், 1,392 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்து 2015இல் அச்சிட்டதுதான். அதில் அறுபது சதவீதத்தினருக்குக் குழாய் திறந்ததாகக் கூறப்பட்டது. ஆனால் அது சிகிச்சை அளித்தவர்களே தங்கள் பழைய பதிவுகளைப் புரட்டி எழுதியது. சிகிச்சை பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மாயா தரப்பில் அந்த அளவுக்கும் இல்லை, தனிப்பட்டவர்களின் அனுபவக் கதைகளே உள்ளன. முப்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண் இவ்விரண்டில் எதற்காவது ஓராண்டைக் கொடுத்துவிட்டால், பணத்தை மீட்டாலும் அந்த ஆண்டை மீட்க முடியாது. கருமுட்டையின் தரம் அதற்குள் குறைந்துகொண்டே போகும். கணவரின் விந்தணுப் பரிசோதனையும் மனைவியின் கருக்குழாய்ப் பரிசோதனையும் முதலில் முடியட்டும். மனப்பதற்றம் தணிய நீவிக்கொள்வது அதற்குப் பிறகு, பக்கத்தில் நடக்கட்டும்.

மருத்துவச்சியின் கை உண்மையில் வெளிச்சம் பெறுவது கர்ப்ப காலத்தில். யுகாதான் பேறுகாலத்தைக் களத்தில் ஆராய்ந்த மானுடவியலாளர் பிரிஜிட் ஜோர்டன், கர்ப்பிணியை அவ்வப்போது நீவிவிடும் மருத்துவச்சி, பிட்டம் கீழாக இருக்கும் சிசுவின் தலையை ஒரு கையிலும் பிட்டத்தை மறுகையிலும் பற்றி, தலை கீழே வரும்படி மெல்லத் திருப்புவதைப் பதிவுசெய்துள்ளார். மருத்துவமனையில் இதே வேலையை ஏறக்குறைய 37ஆம் வாரத்தில், ஸ்கேன் வைத்துப் பார்த்து, அறுவை அரங்கு தயாராக இருக்கச் செய்கிறார்கள்; ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலிக்கிறது, இருநூறில் ஒருவருக்கு அவசர அறுவை தேவைப்படலாம். மருத்துவச்சி தொடங்குவது அதற்கு முன்பே. அந்தக் காலத்தில் பல சிசுக்கள் தாமாகவே திரும்பிவிடும் என்பதால், அவருடைய வெற்றியில் எத்தனை கையால் வந்தது, எத்தனை இயற்கையால் வந்தது என்று பிரிக்க வழியில்லை. நஞ்சுக்கொடி தாழ்ந்திருப்பது ஸ்கேனில்லாமல் அவருக்குத் தெரியாது. அந்த நிலையில் கை வைத்தால் இரத்தப்போக்கு நேரலாம். எனவே பாதுகாப்பில் மருத்துவமனைதான் மேல். ஆனாலும் பிட்டம் முந்திய சிசு என்றாலே சிசேரியன் என்று எழுதிவிடும் மருத்துவமனையைவிட, திருப்பிப் பார்க்க முயலும் கை மதிப்புடையது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிள்ளை பெற்ற சுமார் இருபது நாளில் தாயின் உடலை நீவி, ‘ரெபோஸோ’ என்ற நீண்ட சால்வையால் இடுப்பை இறுக்கிக் கட்டி, தீட்டுக்காலத்தை முடித்துவைக்கும் சடங்குக்கு மருத்துவமனை முறையில் இணையே கிடையாது. பேற்றில் திறந்துகொண்ட எலும்புகள் இதனால் மூடிக்கொள்கின்றன என்ற அவர்களின் விளக்கத்தை ஏற்காதவரும், பெற்றவளை இருபது நாள் கவனித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் குறைசொல்ல முடியாது.

தவிர்க்க வேண்டியோர் பட்டியலை அர்விகோ முறையினரே வைத்திருக்கிறார்கள்: மாதவிலக்கு நாட்களில் இருப்பவர், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருப்பவர், கருத்தடை வளையம் பொருத்தியவர், அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டவர், அடிவயிற்றில் தொற்று உள்ளவர். அதில் நான் ஒருவரைச் சேர்ப்பேன். தொப்புளடியில் விரல் தேடும் அந்தத் துடிப்பு வயிற்றுப் பெருந்தமனியின் துடிப்பு. நெடுங்காலம் புகைபிடித்த முதியவருக்கு அது வீங்கியிருக்கக்கூடும், வீங்கிய தமனியை அழுத்துவது உயிருக்கே ஆபத்து. குழந்தைகளின் அஜீரணத்துக்கு, அதாவது ‘எம்பாச்சோ’வுக்கு, மெக்சிகோவில் நீவிவிடுவதோடு சிலர் கொடுத்துவந்த ‘அசர்கோன்’, ‘கிரேத்தா’ என்னும் பொடிகள் ஈயச் சேர்மங்கள். அவற்றால் குழந்தைகளுக்கு ஈய நஞ்சேறியதை அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் 1980களிலேயே கண்டறிந்து எச்சரித்தார்கள். நீவிவிடுபவர் விழுங்கச் சொல்லி எதைக் கொடுத்தாலும், அது என்னவென்று தெரியாமல் குழந்தையின் வாயில் போடக் கூடாது.