குன்னூர்ல ஒரு 'எக்கோ' காட்டேஜ், 5க்கு 2.5 தான்

2025 மே மாசம் ஃபேமிலியோட குன்னூர் பக்கம் ஒரு காட்டேஜ்ல ரெண்டு நைட் தங்கினோம். பேரு வேண்டாம். கேட்லயே பச்சை கலர்ல 'எக்கோ ஸ்டே'ன்னு போர்டு, ஒரு நைட்டுக்கு 3800.

மேல போறதே பெரிய கதைங்க. கோர்ட் ஆர்டர்னால நீலகிரிக்கு இ-பாஸ் இருக்குல்ல, அந்த சீசன்ல வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8000 தான், அதனால தேதிய மாத்தி மாத்தி பாத்து ஒரு செவ்வாக்கிழமை கிளம்பினோம். கீழ செக்போஸ்ட்ல டிக்கிய தொறக்கச் சொல்லி, பிளாஸ்டிக் தடைன்னு வாட்டர் பாட்டில எல்லாம் வாங்கி வச்சுட்டாங்க. எங்க வீட்டம்மாக்கு செம கோவம். ஆனா சும்மா சொல்லக்கூடாது, மேல வாட்டர் ஏடிஎம் இருக்கு, 5 ரூபா போட்டா ஒரு லிட்டர், ஸ்டீல் பாட்டில்ல புடிச்சுக்கிட்டோம், ஒண்ணும் குறையல. டாஸ்மாக் பாட்டில கூட திருப்பிக் குடுத்தா 10 ரூபா தர்றாங்க, அதனால ரோட்டோரம் கண்ணாடி கெடக்கறது ரொம்பவே கம்மி.

இப்படியெல்லாம் பாத்துட்டு காட்டேஜுக்கு வந்தா பாத்ரூம்ல வரிசையா ஷாம்பு பாக்கெட், டிபன் பிளாஸ்டிக் ஒட்டுன தட்டுல. வாசல்ல மூணு கலர்ல குப்பைத்தொட்டி அழகா வச்சிருக்காங்க, சாயங்காலம் பின்னாடி போய் பாத்தா அந்த மூணையும் சேத்து ஓடைச்சரிவுல தான் கொட்டறாங்க, ராத்திரி ஒரு காட்டெருமை வந்து அதைக் கிளறிட்டு நிக்குது, பையன் ஜன்னல் வழியா வீடியோ எடுக்கறான், எனக்கு வயித்த கலக்குது. காலைல ஓனர்கிட்ட கேட்டா "குப்பை வண்டி வர்றதில்லைங்க சார்"ங்கறாரு. மத்தியானம் அதே ரோட்ல குப்பை வண்டி போச்சு, நானே பாத்தேன்.

இ-பாஸால கூட்டம் கொறையுதுன்னு அங்க வியாபாரிங்க கடையடைப்பே பண்ணாங்க. அவங்க கஷ்டம் புரியுது. ஆனா நாங்க மலை ஏறுறதே அந்த காத்துக்கும் காட்டுக்கும் தானுங்க, அதுவும் குப்பைமேடாயிருச்சுன்னா கோயமுத்தூர்க்காரனுக்கு மூணாறு, வயநாடு, வால்பாறைன்னு எத்தனை ஊரு இருக்கு, யாரு இங்க வருவா?

சமையல் பண்ற அக்கா படுகர் வீட்டு ஸ்டைல்ல ஒரு அவரைக் குழம்பு வச்சாங்க பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டார். சுடுதண்ணி காலைல மட்டும் தான், கேட்டுட்டு புக் பண்ணுங்க. நாங்க அடுத்த தடவை கோத்தகிரி பக்கம் தான் பாக்கறோம், பின்பக்கம் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிட்டு தான் அட்வான்ஸ் போடுவேன்.